மைண்ட் ஃபிளேயரை வக்கீல்கள் கூட்டிக்கொண்டு போன கதை: டி அண்ட் டி உரிமச் சண்டை, அடியிலிருந்து

‘தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்’ என்றொரு வெப்காமிக், அதாவது இணையத்தில் வரும் சித்திரக்கதை, இருக்கிறது. ரிச் பர்லு 2003இல் தொடங்கியது. குச்சிக் கை, குச்சிக் கால், உருண்டைத் தலை, ஓவியம் அவ்வளவுதான். அதன் ஆரம்பப் பக்கங்களில் ஒன்றில், முகத்தில் விழுதுகள் தொங்கும் ஓர் அரக்கன் வருகிறான். மைண்ட் ஃபிளேயர் என்று பெயர். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரைப் பார்த்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். கதாநாயகர்கள் அவனோடு மல்லுக்கட்ட வேண்டிய இடத்தில் வக்கீல்கள் நுழைகிறார்கள். இந்த அரக்கன் டி அண்ட் டி என்ற பகடை ஆட்டத்தை வெளியிடும் நிறுவனத்தின் சொத்து, இந்தக் கதையில் வர அனுமதி இல்லை என்று அப்புறப்படுத்தி விடுகிறார்கள்.

இந்த ஆட்டத்தை ஆடுபவர்கள் விழுந்து விழுந்து சிரித்த பக்கம் இது. மற்றவர்களுக்குப் புரியாது, ஏனென்றால் இந்த ஜோக் புரிய ஓர் உரிமப் பத்திரத்தைப் படித்திருக்க வேண்டும். ஓஜிஎல், அதாவது ஓப்பன் கேம் லைசென்ஸ். 2023 ஜனவரியில் அதே பத்திரம் உலகச் செய்தியானது. பகடை உருட்டும் ஆட்டத்துக்கு எதற்கு உரிமம், அதை மாற்றினால் ஏன் இத்தனை கோபம் என்று பலருக்குக் குழப்பம். அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில், ஆட்டம்

மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதையை நடத்துவார். அவர் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். “பாலத்துக்கு அடியிலிருந்து ஓர் ஓநாய் பாய்கிறது” என்கிறார் நடத்துபவர். “வாளை வீசுகிறேன்” என்கிறார் வீராங்கனையாக ஆடுபவர். 20 முகப் பகடை உருள்கிறது. 11 விழுகிறது. பாத்திரத்தின் திறமைக்காக 5 கூட்டினால் 16. ஓநாயின் தற்காப்பு எண் 13. அடி விழுந்தது. அப்புறம் எவ்வளவு அடி என்பதற்கு வேறு பகடை.

இதுதான் டேபிள்டாப் ரோல்பிளேயிங். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, சுருக்கமாக டி அண்ட் டி, 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வெளியானது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். வெளியிட்ட நிறுவனம் டி.எஸ்.ஆர். அதை 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 1999இல் விசார்ட்ஸையே பொம்மைக் கம்பெனியான ஹாஸ்ப்ரோ வாங்கியது.

மேலே சொன்ன ஓநாய்ச் சண்டையில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. பின்னால் வரும் எல்லாச் சண்டைக்கும் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காததே பாதிக் காரணம்.

1. கணக்கு. 20 முகப் பகடையோடு திறமை எண்ணைக் கூட்டு, தற்காப்பு எண்ணை எட்டினால் அடி.
2. எழுத்து. அந்தக் கணக்கைப் புத்தகத்தில் விளக்கியிருக்கும் வாசகங்கள், அட்டவணைகள், மந்திரங்களின் வர்ணனை.
3. பெயரும் உருவமும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயர், சின்னம், மைண்ட் ஃபிளேயர் போன்ற அந்த நிறுவனத்துக்கே உரிய படைப்புகள்.

இதில் எது யாருடையது?

ஒரு சொல் விளக்கம். தமிழில் ‘காப்புரிமை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறோம். கண்டுபிடிப்புக்குத் தரப்படும் உரிமைக்கும் அதே சொல், புத்தகத்துக்கும் அதே சொல். இங்கே பேசுவது முழுக்கப் பதிப்புரிமை பற்றி, கொஞ்சம் வணிகச் சின்னம் பற்றி.

பதிப்புரிமை எழுத்தைக் காக்கும். எழுத்து விளக்கும் முறையைக் காக்காது. அமெரிக்காவில் இதற்கு அடிக்கல் ஒரு கணக்குப்பிள்ளை வழக்கு. செல்டன் என்பவர் கணக்கெழுதும் புதிய முறையை விளக்கிப் புத்தகம் போட்டிருந்தார். பேக்கர் என்பவர் கிட்டத்தட்ட அதே முறைக்கான கணக்குப் படிவங்களை விற்றார். 1879இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: புத்தகத்தின் விளக்கம் செல்டனுடையது, கணக்கெழுதும் முறை எல்லோருக்கும் பொது. பிறகு இது சட்டப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது. இந்தியாவிலும் கோடு ஏறக்குறைய அங்கேதான் விழுகிறது. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 1978இல் சொன்னது. ரசம் வைக்கும் முறையை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது; சமையல் புத்தகத்தில் அதைப் பற்றி ஒருவர் எழுதிய பத்தியை அப்படியே அச்சடிக்கத்தான் முடியாது.

ஆக, முதல் அடுக்கு யாருக்கும் சொந்தமில்லை. இரண்டாவது நிறுவனத்துடையது. மூன்றாவதும் நிறுவனத்துடையது, இன்னும் கெட்டியாக.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் முதலாவது எங்கே முடிகிறது, இரண்டாவது எங்கே தொடங்குகிறது? ‘நெருப்பு உருண்டை மந்திரம், 20 அடி ஆரத்துக்குள் இருப்பவர்களைத் தாக்கும், 8 பகடை உருட்டு’ என்பது கணக்கா, எழுத்தா? ஒரு மந்திரம் மட்டும் என்றால் கணக்கு எனலாம். 300 மந்திரங்களை அதே வரிசையில், அதே பெயரில் எடுத்தால்? இதை நீதிமன்றத்தில்தான் தீர்க்க முடியும். அமெரிக்காவில் ஒரு வழக்கை நடத்தி ஜெயிப்பதற்குள் சின்னப் பதிப்பாளர் கடையை மூடிவிடுவார்.

பழைய டி.எஸ்.ஆர். இந்தப் பயத்தை நன்றாகப் பயன்படுத்தியது. 1990களில் ரசிகர்கள் தாங்கள் எழுதியதை இணையத்தில் போட்டால்கூட நோட்டீஸ் வரும். அந்த மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு ‘தவறாமல் கேஸ் போடுபவர்கள்’ என்று பொருள் வருகிற மாதிரி ரசிகர்கள் விரிவாக்கம் கண்டுபிடித்திருந்தார்கள்.

2000: சமாதான ஒப்பந்தம்

விசார்ட்ஸ் கைக்கு ஆட்டம் வந்ததும் ரயன் டான்சி என்ற நிர்வாகி வேறு கணக்குப் போட்டார். பத்துக் கம்பெனி பத்து விதிமுறையோடு ஆட்டம் போட்டால் ஆடுபவர்கள் சிதறிப்போவார்கள். எல்லோரும் நம் விதியிலேயே கதைப் புத்தகம் போடட்டும். அதை ஆட நம் மூல விதிப்புத்தகத்தை வாங்கித்தானே ஆகவேண்டும்? யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று திறந்துவிடப்பட்ட மென்பொருளான லினக்ஸ் உலகத்திலிருந்து கற்ற யோசனை அது. 2000இல் மூன்றாம் பதிப்போடு ஓஜிஎல் வந்தது. அதில் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்:

1. எஸ்.ஆர்.டி. – ஆட்டத்தின் அடிப்படை விதிகளை மட்டும் தொகுத்து இலவசமாகக் கொடுத்த ஆவணம். படம் இல்லை, கதை இல்லை.
2. திறந்த உள்ளடக்கம் – அந்த ஆவணத்திலிருந்து யாரும் எடுத்து, மாற்றி, விற்கலாம். ராயல்டி கிடையாது.
3. ப்ராடக்ட் ஐடென்டிட்டி – ‘இதைத் தொடாதே’ பட்டியல். மைண்ட் ஃபிளேயர், நிறையக் கண்களுள்ள பிஹோல்டர் எல்லாம் இதில். அந்த வெப்காமிக்கில் வக்கீல்கள் வந்தது இந்தப் பட்டியலைக் காட்டித்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. உரிமத்தில் கையெழுத்துப் போடாதவர், சட்டப்படி சில விஷயங்களைத் தாராளமாகச் செய்யலாம். உதாரணமாக ‘இது இன்ன ஆட்டத்தோடு சேர்த்து ஆடலாம்’ என்று உண்மையை அட்டையில் எழுதலாம். ஓஜிஎல்லை ஏற்பவர் அந்த உரிமையைக்கூட விட்டுக்கொடுக்கிறார். தன்னிடம் ஏற்கெனவே இருந்த ஒன்றைக் கொடுத்து, தன்மீது வழக்கு வராது என்ற நிம்மதியை வாங்கிக்கொள்கிறார். விதிகளைப் பயன்படுத்தும் அனுமதி என்று வெளியே சொன்னாலும், ஓஜிஎல் விற்ற சரக்கு அந்த நிம்மதிதான். அதனால்தான் அந்த நிம்மதியில் கீறல் விழுந்த அன்றே பத்திரத்துக்கு மதிப்புப் போனது.

இடையில் ஒரு ஒத்திகை நடந்தது. 2008இல் நான்காம் பதிப்புக்கு விசார்ட்ஸ் ஓஜிஎல்லைக் கைவிட்டு, கெடுபிடியான வேறு உரிமம் கொண்டுவந்தது. பலர் கையெழுத்துப் போடவில்லை. முன்பு விசார்ட்ஸுக்காகப் பத்திரிகை நடத்திய பைசோ நிறுவனம், பழைய மூன்றாம் பதிப்பு விதிகளை ஓஜிஎல் வழியாகவே எடுத்து 2009இல் ‘பாத்ஃபைண்டர்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. சொந்தக் கதவு வழியாகவே போட்டியாளர் வெளியே போய்விட்டார். ஐந்தாம் பதிப்புக்கு 2016இல் விசார்ட்ஸ் மறுபடி ஓஜிஎல்லுக்கே திரும்பியது.

2023 ஜனவரி: கசிந்த வரைவு

ஜனவரி 5ஆம் தேதி கிஸ்மோடோ தளத்தில் லிண்டா கொடேகா, ‘ஓஜிஎல் 1.1’ என்ற வரைவு கசிந்ததை எழுதினார். சண்டைக்குக் காரணமான அம்சங்கள் நாலு.

1. ஆண்டு வருமானம் 50,000 டாலரைத் தாண்டினால் நிறுவனத்திடம் கணக்குக் காட்ட வேண்டும்.

2. ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் ராயல்டி. மக்களிடம் முன்பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டர் வழியாகத் திரட்டியது என்றால் 20 சதவீதம். இது லாபத்தில் இல்லை, வருமானத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பதிப்பாளர் ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்குப் புத்தகம் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓவியர், அச்சு, கப்பல் கூலி எல்லாம் போக 10 சதவீதம் மிஞ்சினால் லாபம் 1 லட்சம். ராயல்டி, மேலே உள்ள 2.5 லட்சத்தில் 25 சதவீதம், அதாவது 62,500. மிச்சம் 37,500. அடுத்த ஆண்டு 20 லட்சத்துக்கு விற்றால் லாபம் 2 லட்சம், ராயல்டி 3,12,500. நன்றாக விற்றதற்காகக் கையிலிருந்து கட்ட வேண்டும்!

3. இந்த உரிமத்தில் நீங்கள் எழுதியதை நிறுவனமும் எடுத்துக்கொள்ளலாம். உலகம் முழுக்க, என்றென்றைக்கும், உங்களுக்குப் பணம் கொடுக்காமல். இத்தகைய வரிகளுக்கு வக்கீல்கள் ஒரு காரணம் சொல்வார்கள்: தற்செயலாக ஒரே மாதிரிக் கதை வந்துவிட்டால் தற்காப்புக்காக. ஆனால் தற்காப்புக்குத் தேவையானதைவிட ரொம்ப அகலமாக வெட்டிய குழி இது.

4. அச்சுப் புத்தகமும், அதே மாதிரி அசையாத மின்கோப்பும் மட்டும்தான் இந்த உரிமத்தில் செய்யலாம். செய்யக்கூடாதவற்றின் பட்டியலில் வீடியோ, கணினி விளையாட்டு, நாவல், சித்திரக்கதைப் புத்தகம், பாட்டு, நடனம், வாய்பேசாமல் நடிக்கும் நாடகம் வரை இருந்தது. எந்த ஆடுகுழு நெருப்பு உருண்டை மந்திரத்தைப் பரதமாக அரங்கேற்றப் போகிறதோ, வக்கீல்கள் முன்ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார்கள். இணையத்தில் கேலிக்குக் கேட்கவா வேண்டும்.

பெரிய பணத்தொகைகள் எல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகளைத்தான் தொட்டிருக்கும். அப்படியிருந்தும் வீட்டில் உட்கார்ந்து 10 பக்கக் கதை எழுதி 2 டாலருக்கு விற்பவர் ஏன் கொதித்தார்? ஏனென்றால் வரைவில் இன்னொரு வரி இருந்தது: பழைய ஓஜிஎல் 1.0ஏ இனி ‘அங்கீகரிக்கப்பட்ட’ உரிமம் அல்ல.

ஒரு சொல்லின் மேல் நின்ற 22 ஆண்டுகள்

பழைய உரிமத்தின் 4ஆம் பிரிவு, உரிமம் ‘நிரந்தரமானது’ என்கிறது. ‘திரும்பப் பெற முடியாதது’ என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். வக்கீல் காதில் ஒன்றில்லை. ‘இந்த வீட்டில் காலவரையறை இல்லாமல் குடியிருக்கலாம்’ என்பது வேறு. ‘இந்த வீட்டிலிருந்து உன்னைக் காலிசெய்யச் சொல்ல மாட்டேன்’ என்பது வேறு.

9ஆம் பிரிவு இன்னும் சுவாரசியம். விசார்ட்ஸ் புதிய பதிப்புகளை வெளியிடலாம். நீங்கள் இந்த உரிமத்தின் ‘அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பதிப்பையும்’ பயன்படுத்தலாம் என்கிறது. இருபது ஆண்டுகளாக எல்லோரும் இதை எப்படிப் படித்தார்கள்? புதுசு பிடிக்காவிட்டால் பழசிலேயே இருந்துகொள்ளலாம் என்று. அப்படித்தான் எழுதியவர்களின் நோக்கமும். நிறுவனத்தின் பழைய கேள்வி-பதில் பக்கமே அதைத்தான் சொன்னது. 2023 வரைவு எழுதியவர்கள் ‘அங்கீகரிக்கப்பட்ட’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கீகாரம் என்று ஒன்று இருந்தால் அதை நீக்கவும் முடியும்தானே?

இந்த வாதம் நீதிமன்றத்தில் நின்றிருக்குமா என்பது சோதிக்கப்படவே இல்லை. என் கணிப்பில், பழைய கேள்வி-பதிலையும் இத்தனை ஆண்டு நடைமுறையையும் வைத்துப் பார்த்தால் விசார்ட்ஸுக்குச் சிரமமாகியிருக்கும். ஆனால் அது இங்கே முக்கியமே இல்லை. ஓஜிஎல் விற்றது வழக்கு வராது என்ற நிம்மதியை. வழக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலை வந்துவிட்டால் 1999க்கே திரும்பியாயிற்று.

அடுத்த மூன்று வாரங்கள்

1. ஜனவரி 12: பைசோ, தன் செலவில் ‘ஓ.ஆர்.சி.’ என்ற புதிய உரிமம் எழுதப்படும் என்றது. கேயாசியம், கோபோல்ட் பிரஸ், கிரீன் ரோனின் உள்ளிட்ட ஆட்டக் கம்பெனிகள் சேர்ந்தன. முக்கியமான நிபந்தனை, அந்த உரிமம் எந்த ஆட்டக் கம்பெனிக்கும் சொந்தமாக இருக்காது என்பது.
2. ஜனவரி 13: விசார்ட்ஸ் வாய் திறந்தது. ராயல்டி கைவிடப்படும் என்றது. ரசிகர்களைப் பற்றி ‘அவர்கள் ஜெயித்தார்கள், நாங்களும்தான்’ என்ற தொனியில் ஒரு வரி. எரிகிற தீயில் நெய்.
3. ஜனவரி 19: ‘1.2’ என்ற புதிய வரைவு, கூடவே ஒரு கருத்துக்கணிப்பு. பழைய உரிமத்தை ரத்துசெய்யும் எண்ணம் மட்டும் அப்படியே இருந்தது.
4. ஜனவரி 27: சரணாகதி. 15,000க்கும் மேற்பட்டோர் பதிலளித்திருந்தார்கள். அவர்களில் 88 சதவீதம் பேர் புதிய உரிமத்தில் எதையும் வெளியிட விரும்பவில்லை. ஓஜிஎல் 1.0ஏ அப்படியே இருக்கும், ஐந்தாம் பதிப்பின் எஸ்.ஆர்.டி. முழுக்க, படைப்புகளைப் பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் பொது உரிமமான கிரியேட்டிவ் காமன்ஸுக்குப் போகிறது என்று அறிவித்தார்கள்.

கோபக் கடிதங்களைவிட வலித்தது சந்தா ரத்து என்று நினைக்கிறேன். டி அண்ட் டி பியாண்ட் என்ற இணையச் சேவையை ஹாஸ்ப்ரோ 2022இல் 146.3 மில்லியன் டாலருக்கு வாங்கியிருந்தது. மாதச் சந்தாதான் அதன் உயிர். ரசிகர்கள் அதைத்தான் ரத்துசெய்யக் கிளம்பினார்கள். மார்ச்சில் டி அண்ட் டி திரைப்படம் வேறு வரவிருந்தது.

கிரியேட்டிவ் காமன்ஸ் என்ன மாற்றியது?

வெப்காமிக் வாசகர்களுக்கு இது பழகிய பெயர். ராண்டல் மன்ரோ 2005 முதல் வரையும் எக்ஸ்கேசிடி, ‘பெயரைச் சொல்லுங்கள், வணிகம் கூடாது’ என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் வகையில் இருக்கிறது. வலைப்பக்கத்தில் போடலாம், டீ-ஷர்ட்டில் அச்சடித்து விற்க முடியாது. எஸ்.ஆர்.டி.க்குத் தரப்பட்டது அதைவிடத் தாராளமான வகை. பெயரைச் சொன்னால் போதும், விற்கலாம்.

அந்த வகையில் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு டேவிட் ரெவோயின் ‘பெப்பர் அண்ட் கேரட்’ நல்ல உதாரணம். பிரெஞ்சு ஓவியர் இலவசமாக இணையத்தில் போடும் சூனியக்காரச் சிறுமியின் கதை. கிளேனா என்ற பெரிய பிரெஞ்சுப் பதிப்பகம் 2016இல் அதைப் புத்தகமாகப் போட்டது. அனுமதி வாங்கத் தேவையே இல்லை, உரிமமே அனுமதி. பதிப்பகம் அவருக்கு ஆதரவுப் பணமும் கொடுத்தது, ஆனால் அது மரியாதைக்கு.

ஓஜிஎல்லோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இரண்டு. ‘திரும்பப் பெற முடியாதது’ என்ற சொல் கிரியேட்டிவ் காமன்ஸ் பத்திரத்திலேயே இருக்கிறது. அதோடு, பத்திரத்தை எழுதியது ஆட்டம் விற்கும் கம்பெனி இல்லை. நாளைக்கு நிர்வாகம் மாறினாலும் ‘அங்கீகாரத்தை நீக்குகிறேன்’ என்று சொல்ல அவர்கள் கையில் சாவி இல்லை. 2024இல் திருத்தி வந்த விதிகளுக்கான எஸ்.ஆர்.டி. 5.2ஐயும் 2025இல் அதே உரிமத்தில்தான் வெளியிட்டார்கள்.

இருந்தும் போனவர்கள் திரும்பவில்லை. பைசோ 2023 இறுதியில் பாத்ஃபைண்டர் விதிப்புத்தகங்களையே மாற்றி எழுதி, ஓஜிஎல் வாடையே இல்லாமல் செய்தது. நிறத்தையும் உலோகத்தையும் வைத்து டிராகன்களைப் பிரிக்கும் பழைய வகைமுறையைத் தூக்கிவிட்டு வேறு டிராகன்களைக் கொண்டுவந்தார்கள். கோபோல்ட் பிரஸ் தன் சொந்த ஆட்டத்தைப் போட்டது.

காமிக் வரைபவருக்கு இதில் என்ன?

நேரடியாகக் கொஞ்சம்தான். பகடை ஆட்டத்தைக் கிண்டலடிக்க யாருடைய உரிமமும் வேண்டாம். கணக்கு பொதுச்சொத்து, கேலிக்கும் சட்டத்தில் இடம் உண்டு. குச்சி மனிதர்கள் ‘எனக்குத் திறமை எண் குறைவு’ என்று புலம்பினால் யாரும் நோட்டீஸ் அனுப்ப முடியாது. அதில் காசும் உண்டு: 2012இல் ரிச் பர்லு தன் பழைய புத்தகங்களை மறுஅச்சு போடக் கிக்ஸ்டார்ட்டரில் 57,750 டாலர் கேட்டார். 14,952 பேர் சேர்ந்து 12,54,120 டாலர் கொடுத்தார்கள். சிக்கல் வருவது மூன்றாவது அடுக்கைத் தொடும்போது. அட்டையில் நிறுவனத்தின் சின்னத்தைப் போடுவது, பிஹோல்டரை அதன் உருவத்தோடு வரைந்து விற்பது போன்றவை.

அந்த மூன்றாவது அடுக்கில் ஒரு சின்ன ஓட்டை விழுந்ததுதான் வேடிக்கை. ஓஜிஎல்லில் ‘இதைத் தொடாதே’ பட்டியல் தனியாக இருந்தது. கிரியேட்டிவ் காமன்ஸில் அப்படி ஒரு பட்டியல் இல்லை. ஆவணத்தில் இருக்கும் வாசகம் முழுக்கத் திறந்ததுதான். 2023 ஜனவரியில் அவசர அவசரமாக அந்த எஸ்.ஆர்.டி.யை வெளியிட்டபோது, உள்ளே அங்கங்கே சிதறிக் கிடந்த பெயர்களை யாரும் களையெடுக்கவில்லை. ரசிகர்கள் தேடிப் பார்த்தார்கள். பிஹோல்டர் என்ற பெயர் இருந்தது. ரத்தக்காட்டேரிப் பிரபு ஸ்ட்ராட் இருந்தார். உருவம் இல்லை, வர்ணனை இல்லை, தாக்கும் எண்கள் இல்லை, வெறும் பெயர்தான். அவற்றோடு, வக்கீல்கள் கூட்டிக்கொண்டு போன மைண்ட் ஃபிளேயரும்.